வலி நின்றுபோன பல்

சீழ் பிடித்த பல்லை எப்போது எடுப்பது? வடக்கு அந்தமானின் திக்லிபூரில் இந்தக் கேள்விக்குப் பல் மட்டும் பதில் சொல்வதில்லை. சாலையும் கடலும் வானிலையும் சேர்ந்துதான் சொல்கின்றன.

விடியும் முன்பு திக்லிபூரில் பஸ் ஏறினால், போர்ட் பிளேயர் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை அது. ஆஸ்டின் ஓடைப் பாலம், மாயாபந்தர் பக்கம், ரங்கத், கதம்தலா, பாராடாங் என்று தீவு தீவாக இறங்கி வந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு வாகனப் படகில் ஏற வேண்டும். அக்கரையில் ஜாரவா பழங்குடியினர் காப்பகம். அதன் வழியே குறித்த நேரங்களில் மட்டும், வாகனங்கள் வரிசை கட்டி, காவல் துணையோடுதான் போகமுடியும். ஒரு வரிசை தவறினால் அடுத்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஏரியல் பே துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஆபத்தான நிலையில் இருப்பவர்களை ஏற்றிச்செல்ல ஹெலிகாப்டரும் வரும். இரண்டும் வானிலையைப் பார்த்துத்தான் கிளம்பும்.

இப்படியோர் ஊரில் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்கிறார். இரண்டாம் வாரம் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். மூன்றாம் வாரம் வலி நின்றுவிடுகிறது. "சரியாகிவிட்டது" என்று தோட்ட வேலைக்கோ மீன்பிடிக்கவோ போய்விடுகிறார். சில மாதங்கள் கழித்து, கடல் கொந்தளிக்கும் ஒரு மழைநாளில், கன்னம் பந்துபோல் வீங்கி எழுந்திருக்கிறார்.

இடையில் வலி நின்ற அந்த மாதங்கள்தான் முடிவெடுக்க வேண்டிய காலம்.

பல்லுக்குள் நடப்பது

பல்லின் வெளிப்பூச்சான எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதற்குள்ளே டென்டின், டென்டினுக்குள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட கூழ். சொத்தை எனாமலைத் துளைக்கும்வரை ஒன்றும் தெரியாது. டென்டினைத் தொட்டதும் இனிப்பும் குளிர்ச்சியும் கூசும். கூழை எட்டியதும் சூடான தேநீர் பட்டால் வலி விண்விண்ணென்று தெறித்து, வாயிலிருந்து தேநீர் போன பிறகும் நெடுநேரம் நிற்கும். படுத்தால் கூடும், தூக்கம் போகும்.

சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்கும் கூழுக்கு விரிய இடமில்லை. வேர் நுனியின் சின்னத் துவாரம் வழியே வரும் ரத்த ஓட்டம் நெரிபட்டு, கூழ் செத்துவிடுகிறது. நரம்பும் அதோடு போய்விடுவதால் வலியும் நிற்கிறது. பல் குணமாகிவிட்டதாக வீட்டில் எல்லோரும் நம்புவது அப்போதுதான். செத்த கூழில் கிருமிகள் பெருகி, வேர் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்குவதும் அப்போதுதான். எக்ஸ்ரே எடுத்தால் வேரின் அடியில் மிளகு அளவிலோ பட்டாணி அளவிலோ ஒரு கரிய நிழல் தெரியும். எலும்பு அரிக்கப்பட்ட இடம் அது.

அந்தச் சீழ் ஈறில் ஒரு கொப்புளம் வழியாகக் கசிந்துகொண்டிருந்தால் வருடக்கணக்கில்கூட வலி இருக்காது. வழி அடைபட்டால் முகம் வீங்கும். எந்தப் பக்கம் பரவும் என்பதை வேரின் இடம் தீர்மானிக்கிறது. மேல் கோரைப் பல்லின் சீழ் கண்ணுக்குக் கீழே ஏறும். அங்கிருந்து ரத்த நாளங்கள் வழியே மூளையின் அடிப்பகுதிவரை போவது அரிது, ஆனால் போயிருக்கிறது. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள் வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கி நிற்பவை. அவற்றின் சீழ் நேராகத் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்கும்.

1836-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் ஃப்ரெடரிக் வான் லுட்விக் இந்தக் கழுத்து வீக்கத்தை விவரித்து எழுதினார். தாடைக்கடியில் இருபுறமும் மரக்கட்டைபோல் இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுக்குழல் அடைபடும் நிலை. இன்றும் அது 'லுட்விக் ஆஞ்சைனா' என்றே அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் அதற்கு மூச்சுக்குழலைக் காக்கத் தெரிந்த மயக்கவியல் மருத்துவரும் அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும்.

எண்பது டாலர் பல்

இது பழங்காலத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் தலைவலி என்றுதான் மருத்துவமனைக்குப் போனான். பல்லின் சீழிலிருந்து கிருமி மூளைக்குப் போயிருந்தது. இரண்டு மூளை அறுவைச் சிகிச்சைகள், பல வார மருத்துவமனை வாசம். பிப்ரவரி 25 அன்று இறந்துபோனான்.

அந்தப் பல்லை எடுக்க ஆகியிருக்கக்கூடிய செலவு சுமார் 80 டாலர். மருத்துவமனைச் செலவோ இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியது. அவனுடைய தாய் அலட்சியமாக இருந்தவர் அல்லர். இன்னொரு மகனின் சொத்தைப் பற்களுக்காக, அரசு காப்பீட்டை ஏற்கும் பல் மருத்துவரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். பெரிய மருத்துவமனைகள் கூப்பிடு தூரத்தில் இருந்த ஊரில், ஒரு பல் மருத்துவரின் நாற்காலி அந்தக் குடும்பத்துக்கு எட்டவில்லை. அந்த மரணம் அமெரிக்காவை உலுக்கியது. 2009-இல் திருத்தப்பட்ட குழந்தைகள் நலக் காப்பீட்டுச் சட்டத்தில் பல் சிகிச்சை கட்டாயமாக்கப்பட்டது.

எட்டாத தூரம் கிலோமீட்டரிலும் வரலாம், பணத்திலும் வரலாம். திக்லிபூரில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஒரு நாள் பயணம், துணைக்கு ஒருவர், தங்கும் செலவு, இரண்டு மூன்று நாள் கூலி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே பலர் பல்வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று நம்பிக்கைகள்

"வீக்கம் வடியட்டும், பிறகு பல்லை எடுக்கலாம்." தமிழ்நாட்டிலும் தீவிலும் ஒன்றுபோல் கேட்கும் பேச்சு இது. இதில் உண்மை சிறிதளவே. சீழ் கட்டிய இடத்தின் அமிலத்தன்மையால் மரத்துப்போக வைக்கும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதற்காக மருத்துவர்கள் சற்றுத் தள்ளி, நரம்பின் அடியிலேயே ஊசி போடும் முறை இருக்கிறது. தொற்றின் மூலம் பல்லுக்குள் இருப்பதால், பல்லைத் திறந்தோ எடுத்தோ சீழுக்கு வழிவிட்டால்தான் வீக்கம் வேகமாக வடியும். வீக்கம் இருக்கிறது என்பதாலேயே தள்ளிப்போட வேண்டியதில்லை. எப்போது, எங்கே எடுப்பது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

"மாத்திரை போட்டால் போதும்." செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. ஆன்டிபயாட்டிக் சுற்றியுள்ள பரவலைக் கொஞ்சம் அடக்கும், மூலத்தைத் தொடாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பல்லுக்கான நேரடிச் சிகிச்சையையே முதலில் வைக்கிறது. காய்ச்சல், உடல் சோர்வு என்று தொற்று உடலில் பரவும் அடையாளம் இருந்தாலோ, உடனே சிகிச்சை கிடைக்காவிட்டாலோதான் ஆன்டிபயாட்டிக்கின் தேவை வருகிறது. திக்லிபூர்க்காரருக்குக் கப்பல் வரும்வரை மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை ஓர் இடைக்காலத் துணை. அது முடிந்ததும் வலி இல்லையே என்று பயணத்தை ரத்து செய்தால், மாத்திரை வாங்கித் தந்த அவகாசம் வீண்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்." பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. எடுக்காமல் விட்ட மேல் பல்லின் சீழ்தான் கண்ணைச் சுற்றிப் பரவும் ஆபத்து கொண்டது.

எடுக்கவே கூடாத பல்

இதற்கெல்லாம் பயந்து, வலிக்கும் பல்லையெல்லாம் பிடுங்கிவிடுவதும் தவறு. அந்தத் தவற்றை மருத்துவ உலகமே ஒருமுறை செய்தது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், உடலின் பல நோய்களுக்கு வாயிலுள்ள தொற்றே காரணம் என்றார். அதைத் தொடர்ந்து மூட்டுவலிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும்கூடப் பற்கள் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், மனநோய் தீர்க்கிறேன் என்று நோயாளிகளின் பற்களையும், பிறகு உள்ளுறுப்புகளையும் அகற்றினார். பலர் உயிரிழந்தனர். அந்தக் கொள்கை தவறென்று மருத்துவர்கள் கைவிடுவதற்குள் எண்ணற்ற நல்ல பற்கள் போய்விட்டன.

கூழ் செத்த பல்லையும் காப்பாற்ற முடியும். வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சைதான் மக்கள் 'ரூட் கெனால்' என்று சொல்வது. அதன்மேல் தொப்பி போட்டால் பல்லாண்டு மெல்லலாம். எந்தப் பல்லை இப்படிக் காக்கலாம், எதை எடுத்தே ஆகவேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் தெளிவானவை. ஈறுக்கு மேலே தொப்பி உட்காரும் அளவுக்குப் பல் மிஞ்சியிருக்கிறதா? வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறதா? எலும்பு கரைந்து பல் மேலும் கீழுமாக ஆடுகிறதா? முன்பே செய்த வேர் சிகிச்சை தோற்றிருக்கிறதா, மறுபடி செய்ய வழி உண்டா? ஒரு வேர் சிகிச்சை தோற்றதாலேயே பல்லை எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நெடுக்காகப் பிளந்த வேரையோ, ஈறுக்கு வெகு கீழே அரித்துப்போன பல்லையோ வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஞானப் பல்லுக்குக் கணக்கு வேறு. நோயில்லாமல் உள்ளே கிடக்கும் பல்லை எடுக்க வேண்டாம் என்பதே பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2000-இல் தந்த வழிகாட்டுதல். ஈறு மூடியிருக்கும் இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தாலோ, முதல் தடவையே கடுமையாக வந்தாலோ எடுக்கலாம் என்கிறது அது.

பெற்றோர் குறிப்பாக அறிய வேண்டிய பல் ஒன்று உண்டு. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதுவும் பால் பல்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். சொத்தையானாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் முளைக்காது. பின்னாலிருக்கும் பல் சாய்ந்து வரும், எதிர்ப் பல் நீண்டு இறங்கும், மெல்லும் சமநிலை குலையும்.

தூரமும் ஓர் அளவுகோல்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். திக்லிபூருக்கு இன்னொரு கேள்வி சேர்கிறது. இந்தப் பல் அடுத்த பயணம்வரை தாங்குமா?

மருத்துவமனையை நினைத்த நேரத்தில் எட்ட முடியாத இடங்களுக்கு ஆள் அனுப்புபவர்கள் இந்தக் கேள்வியை வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். அமெரிக்க ராணுவம் வீரர்களின் பற்களைத் தரம் பிரிக்கிறது. அடுத்த 12 மாதங்களுக்குள் அவசரத் தொல்லை தரக்கூடும் என்று கருதப்படும் பல் இருப்பவர் மூன்றாம் வகுப்பு. அதைச் சரிசெய்யும்வரை அவர் களத்துக்குத் தகுதியானவர் அல்லர். ஆஸ்திரேலியாவின் அண்டார்டிக் நிலையங்களுக்குப் போகும் மருத்துவர்கள் பல் சிகிச்சையிலும் பயிற்சி பெற்றே கப்பலேறுகிறார்கள். அங்கு கேட்கப்படுவது 'இன்று வலிக்கிறதா' என்பதல்ல, 'பனிக்காலம் முடிவதற்குள் வலிக்குமா' என்பது.

திக்லிபூருக்கும் அந்தக் கணக்கே சரி. சென்னை மயிலாப்பூரில் வசிப்பவர் வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வந்துபோகலாம். திக்லிபூர்க்காரர் போர்ட் பிளேயரில் முதல் தவணையை முடித்து, தற்காலிக அடைப்போடு ஊர் திரும்பி, விதைப்பும் மழையும் குறுக்கிட இரண்டாம் தவணைக்குப் போகாமல் விட்டால் நடப்பது என்ன? தற்காலிக அடைப்பு தேய்ந்து கசியும், உள்ளே மறுபடி கிருமி ஏறும். சிகிச்சை முடிந்தும் தொப்பி போடாத கடைவாய்ப் பல் ஒருநாள் கடினமான எதையோ கடிக்கும்போது பிளக்கும். செலவழித்த பணமும் போய், பல்லும் போகும்.

அதனால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது இது: "நான் திக்லிபூரிலிருந்து வருகிறேன். இத்தனை நாள்தான் தங்க முடியும்." பல பற்களுக்கு ஒரே அமர்விலோ, ஒரே வாரத்திலோ வேர் சிகிச்சையை முடிக்க இயலும். அப்படி முடிக்க முடியாத, முடித்தாலும் நிலைக்குமா என்ற சந்தேகமுள்ள பல்லை எடுத்துவிடுவது அங்கே நியாயமான முடிவு. நகரத்தில் காத்துப் பார்க்கக்கூடிய பல், தீவில் காத்துப் பார்க்கக் கூடாததாக இருக்கலாம். இதை நோயாளியின் ஏழ்மையாகவோ அறியாமையாகவோ பார்க்காமல் மருத்துவக் காரணமாகவே பார்க்க வேண்டும்.

எங்கே எடுப்பது?

பக்கத்தில் யார் எடுத்துக்கொடுத்தாலும் சரி என்று போவதிலும் ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சையகத்துக்குப் போய்வந்த எட்டுப் பேர் 2023-ஐ ஒட்டிய மாதங்களில் மூளைத் தொற்றால் இறந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் ஐ.சி.எம்.ஆர். விஞ்ஞானிகளும் பங்கேற்ற ஆய்வு, 2025-இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் வெளியானபோதுதான் நாடு முழுவதும் இது பேசப்பட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவே காரணம். அது இருந்த இடம் திறந்து வைக்கப்பட்ட சலைன் பாட்டில். வாயில் பயன்படுத்தும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, பஞ்சால் மூடி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

புண்ணைக் கழுவும் பாட்டில் தன் முன்னால் புதிதாகத் திறக்கப்படுகிறதா, கருவிகள் கிருமி நீக்கிய உறையிலிருந்து எடுக்கப்படுகின்றனவா என்று கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சர்க்கரை நோயாளி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், இதய வால்வு மாற்றியவர், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர் ஆகியோர் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். ரத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மாரடைப்பையோ பக்கவாதத்தையோ கூப்பிடுவதாகும். "சர்க்கரை இறங்கட்டும்" என்று சீழோடு வாரக்கணக்கில் காத்திருப்பதும் சரியல்ல. சீழ் இருக்கும்வரை சர்க்கரை எளிதில் இறங்காது, இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு நடு மூன்று மாதங்கள் வசதியான காலம். ஆனால் சீழ் பரவினால் எந்த மாதமும் தள்ளிப்போடக் காரணமாகக்கூடாது.

பல்லை எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று துப்பக்கூடாது, உறிஞ்சிக் குடிக்கக்கூடாது. தீவில் பலருக்கும் பழக்கமான வெற்றிலைப் புகையிலையைச் சில நாட்களாவது தொடக்கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் கடும் வலி வரும். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு 24 மணி நேரம் கழித்து. வெளியூரில் பல் எடுத்தவர் அன்றே பஸ் ஏறாமல் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது

திக்லிபூர் வட்டத்தின் மக்கள்தொகை 2011-லேயே நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து 1950-களில் காடு திருத்திக் குடியேறியவர்களின் பிள்ளைகள், தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சி மக்கள் என்று பல மொழி பேசும் ஊர். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய டாக்டர் ரஃபியுதீன் அகமதுவும் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர்தான். அவர் தொடங்கி நூறாண்டு கடந்த பிறகும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பல்லுக்காக ஒரு பகல் முழுக்கப் பயணம் போகும் நிலை நீடிக்கக்கூடாது.

திக்லிபூரில் சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. சுமார் எண்பது கிலோமீட்டரில் மாயாபந்தரில் டாக்டர் ராஜேந்திர பிரசாத் மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. சமுதாய சுகாதார மையத்தில் பல் மருத்துவர் இருக்க வேண்டும் என்பது இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகள் சொல்வது. சாதாரணமாகப் பல் எடுப்பது அந்த மட்டத்திலேயே நடக்கக்கூடிய சிகிச்சை. அந்த நாற்காலி ஒருநாளும் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும், பல் எக்ஸ்ரே கருவி பழுதாகாமல் ஓடுவதும், பள்ளிகளில் ஆறு வயதுப் பல்லை ஆண்டுதோறும் பரிசோதிப்பதும், தீவு நோயாளிகளின் வேர் சிகிச்சையை ஒரே தங்கலில் முடித்து அனுப்பும் ஏற்பாடும் நிர்வாகத்தால் செய்யக்கூடியவை. செய்ய வேண்டியவையும்கூட.

வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. பல்வலியோடு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை என்றால், விழுங்க வலித்து எச்சில் வடிந்தால், நாக்கடியோ தாடைக்கடியோ இறுகி வீங்கினால், குரல் மாறினால், கண்ணைச் சுற்றி வீங்கினால், காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறல் தொடங்கிய பிறகு நேரம் மிகக் குறைவு. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அந்த நேரமே போய், மேல் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த நிலைக்கு வராமலே இருக்க வழி உண்டு. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத்தான், வழக்கமாக மே மாதம் 20-ஐ ஒட்டி. அதற்கு முந்தைய மாதங்களில் கடல் அடங்கியிருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். ஒருமுறை வீங்கி வடிந்த பல், ஈறில் கொப்புளம் வந்து வந்து போகும் பல், வலித்து ஓய்ந்த பல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், மழைக்கு முன்பே எக்ஸ்ரே எடுத்துக் காட்டி, காப்பதா எடுப்பதா என்ற முடிவை மருத்துவரிடம் கேட்டு, அந்தச் சிகிச்சையை முடித்துவிட்டு வாருங்கள்.